இரண்டு முறை இறக்கிய முதல் முடி

பெரியவனே, "எனக்கு மட்டும் முதல் முடிய ரெண்டு தடவை எறக்குனாங்க" என்று நீ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாய். போன பொங்கலுக்கு உன் தங்கையும் சேர்ந்துகொண்டு, "அண்ணன் தலை சாமிக்கு அம்புட்டுப் பிடிச்ச தலை" என்றாள். வீடே சிரித்தது. நான் எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டேன். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அது வயசான கோபம் இல்லை. நீ ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த காலத்துக் கோபம். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்தாதீர்கள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் சொல்கிறேன். பிறந்த பிள்ளையின் முடியில் கத்தியோ கத்திரியோ படக்கூடாது. ஒற்றைப்படை வயதில், மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி, குலசாமி கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்கவேண்டும். அதே மடியில் காதும் குத்துவார்கள். அப்பன் மடி ஆகாது. சித்தப்பன் மடி ஆகாது.

உங்கள் அம்மாவுக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பி. கொடைரோட்டுக்குப் பக்கத்து ஊர். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, அக்காள் கையால் தின்று வளர்ந்தவன். எங்கள் கல்யாணம் முடிந்த மறு வருசம் மழை இல்லை. அவன் புஞ்சையில் சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகிப் போனது. திண்டுக்கல்லில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, மாட்டை அவிழ்த்து எங்கள் தொழுவில் கட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் திரும்பி வந்து, "எடுத்துட்டான்க்கா. மூணு வேளையும் சோறாம்" என்றான். உங்கள் அம்மா அழுதாள். நான் அவன் முதுகில் தட்டி, "போய்ட்டு வாடா மாப்ள" என்றேன். அன்றைக்கு எனக்குக் கோபம் இல்லை. பசிக்குப் போகிறவனை எந்த வாயால் தடுப்பது?

கோபம் பிறகு வந்தது. பட்டாளத்துக்குப் போனவன் அவன் ஒருவன்தான். லீவுக்குக் காத்துக் கிடந்தது நாங்கள் எல்லோரும். கூரை மாற்றவேண்டுமா, "தம்பி லீவுல வரட்டும்." மாடு விற்கவேண்டுமா, "தம்பி வரட்டும்." அவன் வருகிற மாதத்தில்தான் எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் நடக்கும். மற்ற மாதங்களில் நாங்கள் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். லீவு கொடுக்கிற துரைக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? நீ பிறந்து முதல் மாசி வந்தபோது அவன் காஷ்மீரத்தில். மார்கழியில் வந்தான், மார்கழியில் யார் மொட்டை போடுவார்கள்? உன் மூன்று வயதில் ஆடியில் வந்தான். ஐந்தாவது வயதில், சாமி புண்ணியத்தில், சரியாக மாசியில் வந்து இறங்கினான். ஆட்டுக்கிடாய் பிடித்துக் கட்டிவிட்டோம். கோயிலுக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் செத்துப்போனார். தீட்டு. தீட்டுக் கழிவதற்குள் இவனைத் திரும்பி வரச்சொல்லித் தந்தி வந்துவிட்டது. கிடாயை விற்றேன். செத்தவர்மீதுகூட எனக்குக் கோபம் வந்தது. அந்த மாதிரி ஒரு காலம் அது.

அதற்காக நான் நடந்ததை மறைக்கிறவன் இல்லை. அந்த ஆடி லீவு வீண் போகவில்லை. உன் தங்கை இன்று உயிரோடு இருப்பது அந்த லீவால்தான். உங்கள் அம்மாவுக்கு வலி கண்டு ஒரு பகல் முழுக்கப் பிள்ளை இறங்கவில்லை. சுற்றி நின்ற பெண்கள், "செத்த நேரம் பொறுங்க, தானா எறங்கும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவன் உள்ளே போய்ப் பட்டாளத்து உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தான். அக்காளைக் கட்டிலோடு தூக்கினோம். நத்தம் ரோட்டில் மாங்காய் ஏற்றிக்கொண்டு வந்த லாரியின் முன்னால் நடுரோட்டில் போய்க் கையை நீட்டி நின்றான். நான் வேட்டியோடு நின்றிருந்தால் அந்த லாரி என்னை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போயிருக்கும். உடுப்பைப் பார்த்து நின்றது. மாங்காய் மூட்டைக்கு நடுவில் கட்டிலை வைத்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு உசுரும் இல்லை" என்றார்கள்.

உங்கள் அம்மாவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். பட்டாளத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் வந்து, "என் கடுதாசிய அடுத்தவன் படிச்சு நீ கேக்கக் கூடாதுக்கா" என்று அடுப்புக்கரியால் சுவரில் எழுதிக் காட்டினான். இந்த நல்லதெல்லாம் எழுதும்போதே எனக்கு எரிகிறது. இத்தனை நல்லவனைத்தான் எங்களிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார்கள்.

உன் முடிக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அது உன் இடுப்பைத் தொட்டது. உன் அம்மா அதைச் சீவிச் சடை போட்டு, நுனியில் நாடா கட்டி அனுப்புவாள். முதல் நாளே வாத்தியார் உன்னைப் பெண் பிள்ளைகள் பக்கம் உட்காரச் சொன்னார். நீ டவுசரைக் காட்டி, "நான் ஆம்பளப் பய சார்" என்றாயாம். ஊர்ப் பிள்ளைகள் உனக்கு வைத்த பேர் "சடச்சி". "ஏலே சடச்சி, பூ வேணுமால?" என்று பின்னாலேயே வருவார்கள். நீ கல்லெடுத்து அடிப்பாய். அடித்ததற்கு நான் போய்ப் பேச்சு வாங்கி வருவேன். ஒரு தடவை நீ அருவாளை எடுத்துக்கொண்டு வந்து, "நீயே வெட்டிவிடுப்பா" என்று என் முன்னால் குனிந்து நின்றாய். நான் அருவாளைப் பிடுங்கிக் கூரை எறவாணத்தில் சொருகினேன். வேறு என்ன செய்வது? என் பிள்ளையின் தலை என்னிடம் இல்லை. ஏதோ ஒரு மலையில் காவல் நின்றவனின் மடியில் இருந்தது.

அடுத்த மாசிக்கு உனக்கு ஏழு வயது, எப்படியும் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தான். அதற்கு முன்னால் ஐப்பசியில் சீனாக்காரன் சண்டை வந்தது.

டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. சிலருக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. "ஒம்ம மச்சினன் எத்தன பேரச் சுட்டானாம்?" என்று ஒருவன் கேட்டான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். திண்டுக்கல்லில் மேடை போட்டு, சண்டைச் செலவுக்குப் பொன் கொடுங்கள் என்று பேசினார்கள். நன்றாகப் பேசினார்கள். பேசினவர்கள் வீட்டுப் பையன்களில் ஒருத்தனும் பட்டாளத்தில் இல்லை என்பது கூட்டத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். உன் அம்மா உன் காதுகுத்துக்குச் செய்து வைத்திருந்த கடுக்கனை முந்தியில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். எனக்குத் தெரியாது. நேராகப் போய் மேடையில் விரித்த துணியில் போட்டாள். "அங்க குளிருதாம். கம்பளி வாங்குவாங்கள்ல" என்றாள்.

கார்த்திகையில் சண்டை நின்றது. தை பிறக்கும் சமயத்தில் சர்க்காரிடமிருந்து காகிதம் வந்தது. இங்கிலீசில் இருந்ததைப் போஸ்ட்மேன் படித்துச் சொன்னார். ஆளைக் காணவில்லை. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. காணவில்லை. ஒரு மாட்டைக் காணோம் என்றால்கூட எங்கே மேயவிட்டாய், யார் கடைசியாகப் பார்த்தார்கள் என்று கேட்டு நாலு திசையிலும் ஆள் அனுப்புவோம். ஒரு மனுசனை ஒற்றை வரியில் காணவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டு, எழுதினவன் சாப்பிடப் போயிருப்பான்.

அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை அந்தத் தையிலேயே வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காணவில்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் எத்தனை வருசம் காத்திருப்பார்கள்?

இதற்கு நடுவில் உன் தலையில் சிரங்கு வைத்தது. பேன் கடித்த இடமெல்லாம் புண்ணாகி, சீழ் பிடித்து, சடையோடு ஒட்டிக்கொண்டது. கிட்டே வந்தால் நாறும். காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் உன் தலையைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "முதல்ல இதை வழிச்சுப் போட்டுட்டு வா, அப்புறம் மருந்து தாரேன்." வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"வேப்பெண்ண போடுங்க. முடியில கைய வைக்காதீங்க" என்றாள்.

"பிள்ளைக்கு மண்ட அழுகுதுடி."

"தம்பி வருவான்."

"வரலைன்னா? இவன் கல்யாணத்துக்கும் சடையோடதான் மணவறையில உக்காரணுமா?"

அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "இங்க அவனுக்குன்னு ஒரு எடம் காலியா கெடக்கு. அதுக்குத்தான் அவன் வாரான். அதுலயும் இன்னொருத்தன உக்கார வச்சுட்டா, அவன் எங்க வந்து உக்காருவான்?"

ஆனால் உன் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் முடிவெடுத்தேன். மாசியில் உன் அம்மாவின் சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். வண்டியோட்டுகிறவர், நல்ல மனுசர். "எனக்கு எதுக்குய்யா இந்த வம்பு? நாளைக்கு அவன் வந்து நின்னா நான் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?" என்று மறுத்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

நத்தம் பக்கத்துப் புளியந்தோப்பில்தான் நம் சாமி. உன் அம்மா வந்தாள். ஆனால் பொங்கல் வைக்கவில்லை, குலவை போடவில்லை. ஒரு புளியமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நாவிதர் புண்ணில் படாமல் வழிக்கப் பாடுபட்டார். நீ அலறினாய். அந்தப் பெரிய சடை ஒரு பக்கமாக விழுந்து கிடந்தது. கடுக்கன் இல்லாததால் காதில் வேப்பங்குச்சியைச் சொருகிக் கூட்டி வந்தோம்.

உன் தலை ஆறிவிட்டது. நான் செய்தது சரி. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

வைகாசியில், நல்ல வெயில் நேரத்தில், அவன் வந்து நின்றான்.

சீனாக்காரன் பிடித்து வைத்திருந்து, பிறகு விட்டுவிட்டானாம். அங்கிருந்து கடுதாசி எழுதினானாம். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஆள் பாதியாக இருந்தான். நடை மாறியிருந்தது. அந்தப் பனியில் நம் பட்டாளத்தார் காலுக்குச் சர்க்கார் கொடுத்தது துணிச் செருப்பு. இரண்டு காலிலும் விரல்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. உன் அம்மா போட்ட கடுக்கன் யார் காலுக்குக் கம்பளியானதோ, எனக்குத் தெரியாது.

நீ வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தாய். ஒட்ட வெட்டிய தலை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏலே, இது நம்ம பயலா?"

உன் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவன் உன் தலையில் கையை வைத்துத் தடவினான். காதைத் தொட்டுப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"யார் மடிக்கா?"

"வண்டிக்கார அண்ணன் மடி" என்றேன் நான். "பயலுக்கு மண்ட பூரா புண்ணு மாப்ள. டாக்டரு..."

"அப்ப எனக்குக் கருமாதியும் முடிச்சாச்சா மச்சான்? இல்ல, அது மட்டும் பாக்கி இருக்கா?"

"காணோம்னு காயிதம் வந்துச்சுடா."

"காயிதம் அனுப்புனவனுக்கு என்னையத் தெரியாது. ஒங்களுக்குமா தெரியாது?" பிறகு அவன் சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. "பொண்ணு போனத வழியிலயே கேட்டேன், போகட்டும். அது அடுத்தவன் வீட்டுப் பொண்ணு. மடி என்னோடதுல்ல? அந்தப் பனியில இந்த மடியில இவன உக்கார வச்சுக்கிட்டுத்தானே மச்சான் கெடந்தேன்."

தண்ணீர் மட்டும் குடித்தான். சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டான். உன் அம்மா ரோடு வரைக்கும் பின்னாலேயே ஓடினாள்.

அவனுடைய பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து லீவு முடிகிறவரை அங்கேயே கிடந்தான். காலைக் காரணம் காட்டி வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தோம். அனுப்பவில்லை, ஸ்டோரில் வேலை போட்டு வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வாசலை அவன் மிதிக்கவில்லை. மற்ற வீடுகளில் மாமன் மச்சான் சண்டை வந்தால் அடுத்த கல்யாணத்திலோ அடுத்த சாவிலோ தீர்ந்துவிடும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் "மச்சானுக்குத் தொட்டுக்க வெஞ்சனம் வை" என்று ஒரு சொல் வந்துவிடும். எங்கள் சண்டைக்கும் லீவு கிடைக்கவேண்டியிருந்தது. பாகிஸ்தான் சண்டை வந்தபோது உன் அம்மா தினமும் ரோட்டுக்கடைக்குப் போய், அவன் கற்றுக்கொடுத்த எழுத்தால் பேப்பரில் அவன் பேரைத் தேடினாள். இல்லாவிட்டால் சந்தோசமாக வருவாள். தம்பி பேர் இல்லை என்று சந்தோசப்படும்படி ஒரு பெண்ணை வைத்த காலத்தை நான் என்னவென்று திட்டுவது?

உனக்குப் பத்து வயது முடிந்தபோது அவன் சர்வீஸ் முடிந்து வந்தான். தை மாதக் கடைசியில் ஒருநாள் காலையில், நான் தண்ணீர் இறைக்கக் கமலையைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது கிணற்று மேட்டில் வந்து நின்றான். அத்தனை வருசத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு இது:

"மச்சான், மாசி வருது. பயலுக்கு முடி எறக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அவன் தலை என்ன ஒங்க ஆபீசாடா, ஆள் மாத்தி ஆள் கையெழுத்துப் போட? எறக்கியாச்சு. முடிஞ்சுபோச்சு."

"அது நான் செத்துப்போனவனா இருக்கயில எறக்குனது. இப்ப உசுரோட இருக்கேன்ல."

பூசாரி, முதல் முடி ஒரு தடவைதான், இரண்டாவது செல்லாது என்றார். "சாமி வாங்க மாட்டேன்னா எங்கிட்டச் சொல்லட்டும், நான் பேசிக்கிறேன்" என்றான் இவன். உன் அம்மா மறுநாள் பொங்கல் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் பேச்சு அன்றோடு முடிந்தது. நீ மட்டும்தான் அவனிடம் பேரம் பேசினாய்.

"மாமா, மொட்ட போட்டா பெல்ட்டு தருவியா?"

"தாரேன்."

"பூட்ஸு?"

"ஒனக்குப் பெருசா இருக்கும்டா."

"ஒனக்குந்தான் வெரல் இல்லையே, ஒனக்கும் பெருசாத்தானே இருக்கும்?"

நான் உன்னை அடிக்கக் கையை ஓங்கினேன். அவன் சிரித்தான். அப்படி அவன் சிரித்து எத்தனையோ வருசமாகியிருந்தது.

கோயிலில் அவன் சம்மணம் போட்டு உட்காரவே நேரம் ஆயிற்று. பாதம் மடங்கவில்லை. கையால் பிடித்து மடக்கினான். நீ வளர்ந்த பையன். மடியில் உட்கார்ந்தால் உன் கால் தரையில் கிடந்தது. உன் எடை அந்தக் காலில் இறங்கியபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். "எறங்குடா, பக்கத்துல உக்காரு" என்றேன். "இருக்கட்டும் மச்சான்" என்று உன் இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொண்டான். நாவிதர் தண்ணீர் தெளித்தார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆறாத புண்ணோடு ஒருத்தன், அவன் மடியில் காரணம் தெரியாமல் தலையைக் கொடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை. இதற்கு யாரைப் போய் உதைப்பது? உதைக்கக் கையெட்டும் தூரத்தில் ஒருவனும் இல்லை. முன்பு உன் அம்மா உட்கார்ந்த அதே புளியமரத்தடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் குலவைச் சத்தம் கேட்டது. அவள் ஒருத்தி குரல்தான். நான் திரும்பவில்லை.

பிறகு அவன் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தான். கையில் இலை. "மச்சான், கறி ஆறுது. கோவத்த நாளைக்கு வச்சுக்கங்க."

சாப்பிட்டேன். கோபத்தை நாளைக்கு வைத்துக்கொண்டேன். அது இன்னும் இருக்கிறது. ஆகவே பெரியவனே, அடுத்த தடவை அந்தக் கதையைச் சொல்லும்போது சிரித்துக்கொள். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நீ உட்கார்ந்திருந்தது எப்பேர்ப்பட்ட கால்களின்மேல் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரி.